பம்ப் ரூம் வளைவு

கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஹோட்டலின் ஏசி ஹாலில் எங்களை வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். எல்லோர் கழுத்திலும் ஒரு அட்டை தொங்கியது. என் அட்டையில் பெயருக்குக் கீழே 'சமூகத் தொழில்முனைவோர்' என்று போட்டிருந்தது. அந்த வார்த்தையை விழா நடத்துகிறவர்கள் முதலில் போனில் இங்கிலீஷில் சொன்னபோது யாரோ இன்சூரன்ஸ்காரர்கள் என்று நினைத்து போனை வைத்துவிட்டேன். மறுபடியும் கூப்பிட்டுத் தமிழில் விளக்கினார்கள். லாபம் மட்டும் பார்க்காமல், ஊருக்கும் நல்லது நடக்கிற மாதிரி தொழில் செய்கிற பெண்கள் என்று அர்த்தமாம். சரி, வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவோம் என்று பஸ் ஏறினேன்.

மேடையில் இருந்த அம்மா எல்லோரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார். "இந்தத் தொழிலுக்கு உங்களைத் தூண்டியது எது?" துணிப்பை தைக்கிற ஒருத்தர், மாடு பிளாஸ்டிக் கவரைத் தின்றதைப் பார்த்தேன் என்றார். ஜெயிலில் இருந்து வெளியே வந்த பெண்களுக்கு வேலை கொடுக்கிற இன்னொருத்தர், ஒரு பெண்ணின் கண்ணீரைப் பார்த்தேன் என்றார். மைக் என் கைக்கு வந்தது. "மலையில மாசமா இருக்கிற பொண்ணுங்க நடந்து போற கஷ்டத்தப் பாத்து மனசு கேக்கலீங்க" என்றேன். கை தட்டினார்கள். முன்வரிசையில் ஒருத்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அத்தனையும் பொய். சேலத்தில் இருந்து வருகிற வழியில் பஸ்ஸிலேயே அந்த வரியை மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன். என்னை எந்த மாசமான பெண்ணும் தூண்டவில்லை. என்னைத் தூண்டியது ஒரு ஆள். அந்த ஆளின் மூக்கை உடைக்க வேண்டும், அதை என் கண்ணால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அந்த மேடையில் இதைச் சொல்லியிருந்தால் மைக்கைப் பிடுங்கியிருப்பார்கள். இங்கே பிடுங்க யாரும் இல்லை, அதனால் சொல்லிவிடுகிறேன்.

கொட்டச்சேடு, மஞ்சக்குட்டை பக்கம் இருப்பவர்களுக்கு ஏற்காடு டவுனுக்குப் போக எப்போதாவது பஸ் வரும். மற்றபடி ஷேர் ஜீப்தான். ஜீப்பில் டிரைவருக்குப் பக்கத்தில் இருக்கிற முன்சீட்டுக்கு ஒரு மரியாதை உண்டு. யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். எஸ்டேட்டில் கூலிக்கணக்கு எழுதுகிற ரைட்டர், கடைக்காரர், கொஞ்சம் நிலபுலம் உள்ளவர், இவர்கள் உட்காருகிற இடம் அது. தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள் பின்னால்தான். எதிரெதிர் பெஞ்சில் முழங்காலோடு முழங்கால் இடிக்க, மடியில் கூடை, காலடியில் மூட்டை, மூட்டைக்கு மேல் யாருடையதோ கோழி. டீச்சரம்மா முன்னால் உட்கார்ந்திருந்தாலும் ரைட்டர் கை காட்டினால் இறங்கிப் பின்னால் வந்துவிடுவார்.

அன்றைக்கு எனக்கு அங்கன்வாடி வேலைக்கு இன்டர்வியூ. கல்யாணமான புதிது. மிஷன் பள்ளிக்கூடத்தில் பத்தாவது முடித்திருந்தேன். எங்கள் பக்கத்தில் அந்த வேலைக்கு நான்தான் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நாத்தனாரின் பட்டுக்கரைச் சேலையை வாங்கி, இஸ்திரி போட்டுக் கட்டியிருந்தேன். கொட்டச்சேட்டில் முதல் ஆளாக ஜீப்பில் ஏறியது நான். பின்னால் மிளகு மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். அங்கே உட்கார்ந்தால் சேலை கசங்கிவிடும் என்று முன்சீட்டில் உட்கார்ந்தேன். வாழ்க்கையிலேயே முதல் தடவை. டிரைவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். வண்டி நிரம்பிக்கொண்டிருந்தது. "இன்னிக்கு பஸ் இல்ல, பிரேக்டவுனாகி நிக்குது. நெருக்கி உக்காருங்க" என்று அவரே பின்னால் திரும்பிச் சத்தம் போட்டார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

அந்த டிரைவர்தான் நான் சொன்ன ஆள். ஜீப்பும் அவருடையதே. டவுன் ஸ்டாண்டில் எந்த வண்டி முதலில் போகும், எது நிற்கும் என்று முடிவு செய்கிறவரும் அவர்தான்.

பாதி வழியில் ஒரு பழைய பம்ப் ரூம் இருக்கிறது. அந்த வளைவில் ரைட்டரும் அவர் சம்சாரமும் குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஜீப் நின்றது. "ஏம்மா, எறங்கு. ரைட்டர் வராரு" என்றார் டிரைவர். நான் முகம் சுளிக்காமல் இறங்கினேன். பின்னால் போனேன். கால் வைக்க இடம் இல்லை, பின்படியில் ஆண்கள் தொங்கிக்கொண்டிருந்தார்கள். திரும்ப முன்னால் வந்து, "பின்னால எடமில்லீங்க, இன்டர்வியூக்குப் போகணும்" என்றேன்.

"பின்னாலயே பஸ் வருது. அதுல வந்துரு."

"பஸ் இல்லைன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க."

"வருதுன்னா வருது" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். ரைட்டரின் சம்சாரம் நான் உட்கார்ந்திருந்த இடத்தைக் கையால் தட்டிவிட்டு உட்கார்ந்தார். பின் பெஞ்சில் இருந்த அத்தனை பெண்களும் எங்கள் பக்கத்து ஆட்கள். எனக்குப் பெரியம்மா முறை ஆகிற ஒருத்தர் பின்கதவை ஒட்டி உட்கார்ந்திருந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் குனிந்து கூடையின் கயிற்றை இழுத்துக் கட்டினார். பஸ் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஒருத்தர்கூட வாயைத் திறக்கவில்லை. ஜீப் போய்விட்டது.

சர்டிபிகேட் கவரை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நடந்தேன். ஆபீஸ் போய்ச் சேர்ந்தபோது நாத்தனார் சேலையில் முழங்கால் வரை செம்மண். எல்லாம் முடிந்திருந்தது. "நேரத்துக்கு வராதவங்க கொழந்தைங்கள எப்படி நேரத்துக்குப் பாப்பீங்க?" என்றார் அங்கே இருந்த அதிகாரி. வேலை வேறொரு பெண்ணுக்குப் போனது. நல்ல பெண்தான். பின்னால் என் மகன் அவரிடம்தான் அ, ஆ படித்தான். அவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் தினமும் பையனை அந்த வாசலில் விடும்போது, உள்ளே இருக்கிற நாற்காலியைப் பார்ப்பேன். அது என் நாற்காலி.

அதற்கப்புறம் காபித் தோட்டத்தில் பழம் பறிக்கிற வேலைதான். காலையில் நாங்கள் கூடையோடு ரோட்டோரம் நடந்து போகும்போது அந்த ஜீப் தாண்டிப் போகும். ஹாரன் சத்தத்தை வைத்தே வருவது யார் என்று தெரிந்துவிடும். மற்றவர்கள் ஒதுங்குவார்கள். நான் கடைசி வரை ஒதுங்காமல் நின்று, முன்சீட்டில் யார் என்று பார்ப்பேன். என் வீட்டுக்காரர் அதே எஸ்டேட்டில் டிராக்டர் ஓட்டினார். சாயந்திரம் அவரிடம் சொல்லிச் சொல்லி மாய்வேன்.

"விட்டுத் தொல. எத்தனை வருசத்துக்கு இதையே பேசுவ?" என்பார்.

"அதே வளைவுல அந்தாள எறக்கி உடோணும். அப்பத்தான் என் மனசு ஆறும்."

"அதுக்கு ஒனக்கு ஜீப்பு வேணுமே" என்று சிரித்தார். கிண்டலுக்குத்தான் சொன்னார். நான் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை.

காபி காயப்போடுகிற சிமெண்ட் களம், பழம் பறிப்பு ஆரம்பிக்கும் வரை சும்மா கிடக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் முடிந்ததும் அங்கே போய் என் வீட்டுக்காரரிடம் டிராக்டர் ஓட்டக் கற்றுக்கொண்டேன். அவர் பொறுமைசாலி. நான் இல்லை. கிளட்ச்சைச் சட்டென்று விட்டு வண்டி குதிக்கும்போதெல்லாம், 'அந்தாளு எப்படி ஓட்டுறான், நான் ஏன் ஓட்ட முடியாது' என்று பல்லைக் கடிப்பேன். எரிச்சல் நல்ல வாத்தியார். லைசென்ஸ் வாங்கினேன், வாடகை வண்டி ஓட்டுவதற்கான பேட்ஜும் வாங்கினேன். மகளிர் குழுவில் கடன் எடுத்து, ஒரு எஸ்டேட்டில் கோழி அடைந்துகொண்டிருந்த பழைய ஜீப்பை வாங்கி, மெக்கானிக் ஒருவரைப் பிடித்து உயிர் கொடுத்தோம். பெர்மிட் கைக்கு வந்ததும் எலுமிச்சம்பழத்தை டயருக்கு அடியில் வைத்து நசுக்கிவிட்டு, நேராக டவுன் ஸ்டாண்டுக்கு ஓட்டிக்கொண்டு போனேன்.

ஸ்டாண்டில் வண்டிகள் வரிசையில் நிற்கும். முன்னால் நிற்பதுதான் முதலில் ஆள் ஏற்றும். அதற்கு டர்ன் என்று பெயர். அந்த ஆள் வந்து என் ஜீப்பைச் சுற்றிப் பார்த்தார். பானட்டைத் தட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, யாரு ஓட்டியாந்தது?"

"நான்தானுங்க."

"இது ஆம்பளைங்க ஸ்டாண்டு. பொம்பள வண்டிக்கு டர்ன் கெடையாது."

என்னை அடையாளம் தெரிந்த மாதிரியே இல்லை. நான் நகரவில்லை. வரிசையின் கடைசியில் நின்றேன். எனக்கு முன்னால் இருந்த வண்டி கிளம்பும், உடனே எங்கிருந்தோ இன்னொரு வண்டி வந்து எனக்கு முன்னால் மூக்கை நுழைக்கும். சாயந்திரம் வரை ஒரு ஆளைக்கூட ஏற்றவில்லை. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் பின் டயரில் காற்று இல்லை. டயர் மாற்றினேன். டிரைவர்கள் எல்லோரும் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்தர் விசில் அடித்தார். வீல் நட்டை முறுக்கும்போது எனக்கு அழுகை வரவில்லை, யோசனைதான் வந்தது. ஸ்டாண்டுக்கு ஆள் வந்தால்தானே இவர்களுக்கு டர்ன். ஆளே ஸ்டாண்டுக்கு வராவிட்டால்?

மறுநாளில் இருந்து ஸ்டாண்டுப் பக்கமே போகவில்லை. எஸ்டேட்டில் தொழிலாளர்கள் குடியிருக்கிற லைன் வீடுகளுக்குப் போனேன். "மிஸ்டு கால் குடுங்க, ஊட்டு வாசலுக்கே வர்றேன். டவுனுக்கு ஏத்திட்டுப் போயி, திருப்பிக் கொண்டாந்து உடறேன்" என்றேன். முன்சீட்டுக்கு எதிரே டேஷ்போர்டில் பெயிண்ட் வைத்து எழுதினேன்: 'இந்த சீட் மாசமான பெண்களுக்கும் வயதான பெண்களுக்கும். ஆண்கள் பின்னால் உட்காரவும்.' இதை எழுதும்போது நான் எந்த மாசமான பெண்ணையும் நினைக்கவில்லை. ரைட்டரின் சம்சாரம் சீட்டைத் தட்டிவிட்ட கையைத்தான் நினைத்தேன்.

முதல் நாட்களில் ஆண்கள் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார்கள். ஒருநாள் அதே ரைட்டர், வேலையில் இருந்து ஓய்வு பெற்றுவிட்டவர், ரோட்டில் நின்று கை காட்டினார். நிறுத்தினேன். முன்கதவைத் திறக்கப் போனார். "பின்னால ஏறுங்க" என்றேன். எழுத்தைப் படித்தார், என் முகத்தைப் பார்த்தார், மழை வேறு பிடித்துக்கொண்டது. பின்னால் ஏறி, ஒரு காலத்தில் அவர் கூலி எழுதிய பெண்களுக்கு நடுவில் முழங்காலைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்து வந்தார். அன்றைக்கு எனக்கு நன்றாகச் சோறு இறங்கியது.

பெண்கள் ஸ்டாண்டுக்குப் போவதை நிறுத்திவிட்டார்கள். ஒரு ஜீப் போதவில்லை. கற்றுக்கொள்ள வருகிறீர்களா என்று கேட்டேன், வந்தார்கள். அதே காபிக் களம், அதே ஞாயிற்றுக்கிழமை. அடுத்த வண்டி, அதற்கடுத்த வண்டி என்று வளர்ந்தது. எல்லா வண்டியையும் ஓட்டியது பெண்கள்தான். மலையில் என்னை முதலில் 'டிராக்டர்காரன் பொண்டாட்டி' என்றார்கள். அப்புறம் 'ஜீப்புக்காரம்மா'. பேப்பரில் போட்டோ வந்ததும் 'மேடம்'. என் சொந்தப் பெயரை மட்டும் இன்றுவரை யாரும் கூப்பிடுவதில்லை.

போட்டோ எடுக்க வந்தவர்களைச் சொல்ல வேண்டும். ஒரு பையன், "மேடம், கொஞ்சம் கருணையா பாருங்க" என்றான். என்னிடம் அது ஸ்டாக் இல்லை. எங்கேயோ பார்த்தேன், அதுவே கருணை மாதிரி விழுந்துவிட்டது. வெளியூர் நிறுவனம் ஒன்று எங்களைப் பற்றிப் புத்தகம் போட்டது. அதில், 'மக்களின் தேவையை ஆராய்ந்து வழித்தடங்களைத் தேர்ந்தெடுக்கிறார்' என்று எழுதியிருந்தார்கள். தேவையாவது, ஆராய்ச்சியாவது. அந்த ஆளுக்கு எந்த ஊரில் நல்ல ஓட்டமோ, அந்த ஊருக்கு என் அடுத்த வண்டி போகும். மஞ்சக்குட்டையில் அவருக்கு ஞாயிறு கூட்டம் அதிகம், இரண்டாவது வண்டி அங்கே போனது. வெள்ளக்கடையில் வீட்டுக்கு வீடு டூவீலர் நிற்கிறது, அங்கே ஜீப்புக்குப் பெரிய வேலை இல்லை. இருந்தும் ஒரு வண்டி விட்டேன். ஏனென்றால் அது அவருடைய மாமனார் ஊர். என் வண்டி அவர்கள் வாசல் வழியாகத் தினமும் போக வேண்டும், அதை அவர்கள் பார்க்க வேண்டும்.

பார்த்தார்கள். அவர் ஜீப் ஸ்டாண்டில் சும்மா நின்றது. அதற்குப் புதுப் பெயிண்ட் அடித்துப் பார்த்தார், பாட்டுப் பெட்டி வைத்துப் பார்த்தார். கடைசியில் விற்றுவிட்டு ஒரு ரிசார்ட்டில் டிரைவராகச் சேர்ந்தார். சீசன் முடிந்ததும் அவர்கள் நிறுத்திவிட்டார்கள். இதெல்லாம் எனக்கு அன்றன்றைக்குத் தகவல் வந்துவிடும். இரக்கம் வந்ததா என்று கேட்டால், இல்லை. வரவில்லை.

டவுனில் எங்களுக்கு ஒரு சின்ன ஆபீஸ் உண்டு. மாதம் ஒருமுறை எல்லா டிரைவர்களும் அங்கே கூடி, வண்டி ரிப்பேர், லீவு எல்லாம் பேசுவோம். அப்படிப் பேசிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் அந்த ஆள் வாசலில் வந்து நின்றார். தலைமுடி நரைத்து, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு.

"ஏனுங்க மேடம், வரலாமுங்களா?"

ஏம்மா என்று கூப்பிட்ட வாய். நாற்காலியைக் காட்டினேன். அவர் உட்காரவில்லை. டிரைவர் வேலை கேட்டு வந்திருப்பதாகச் சொன்னார். இந்த மலையில் எல்லா வளைவும் தெரியும், கண்ணும் நன்றாக இருக்கிறது, எந்த வண்டி கொடுத்தாலும் ஓட்டுவேன் என்றார்.

எத்தனை வருடமாக இந்தக் காட்சியை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். நிதானமாகக் கேட்டேன். "என்னை ஞாபகம் இருக்குங்களா?"

"உங்களத் தெரியாதவங்க மலையில யாருங்க? பேப்பர்லயே வந்தீங்களே."

"அது இல்லீங்க. அதுக்கு நொம்ப முன்னால. உங்க ஜீப்புல இருந்து என்னைய எறக்கி உட்டீங்க."

அவர் யோசித்தார். நிஜமாகவே நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "கைக்கொழந்தை வாந்தி எடுத்துருச்சின்னு சர்ச்சுக்குக் கீழ எறக்கி உட்டனே, அதுங்களா?"

"அது நான் இல்லீங்க."

"அது நானுங்க" என்று ஒரு குரல் கேட்டது. எங்கள் மூத்த டிரைவர், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர்.

அவர் அந்தப் பக்கம் பார்த்து, மறுபடி என்னைப் பார்த்தார். "அப்பறம்... பலாப்பழக் கூடை. வண்டியெல்லாம் வாடைன்னு ரிசார்ட்டுக்காரரு சொன்னாரு, அதனால ஒரு அம்மாவ..."

"அது எங்கம்மா" என்றாள் மஞ்சக்குட்டையில் இருந்து வருகிற டிரைவர். எங்கள் எல்லோரிலும் சின்னவள் அவள்தான்.

"பரீச்சைக்குப் போன ஒரு புள்ள..."

"நான்தான்" என்றாள் இன்னொருத்தி. "பின்னாலயே பஸ் வருதுன்னு சொன்னீங்க." ஜன்னலோரம் இருந்தவர், "எனக்கும் அதேதான் சொன்னாரு" என்றார். சின்னவளும் ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

அவர் ஒவ்வொன்றாகத் தேடினார். பம்ப் ரூம் வளைவு என்று நானே எடுத்துக் கொடுத்தேன். ரைட்டர் என்றேன், பட்டுக்கரைச் சேலை என்றேன். கடைசி வரை நான் அவருக்குக் கிடைக்கவில்லை. "கோவிச்சுக்காதீங்க மேடம், நெசமா ஞாபகம் இல்லீங்க. எத்தனையோ பேருங்க" என்றார். அதில் பொய் இல்லை, அதுதான் கொடுமை. என் வாழ்க்கையையே எடுத்து அந்த ஒரு வளைவில் கட்டி வைத்திருந்தேன். அந்த ஆளுக்கு அது ஒரு சாதாரணக் காலை. மற்றவர்களுக்காவது அவர் ஞாபகத்தில் ஒரு மூலை இருந்தது, எனக்கு அதுவும் இல்லை. ஆறிக்கொண்டு வந்த கோபம் அப்போது பழையபடி மூண்டது.

அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு எங்கள் பெண்களிடம் கேட்டேன், இத்தனை வருடம் ஏன் ஒருத்தரும் சொல்லவில்லை என்று. குழுவில் சேர்ந்தபோது எல்லோரும் குடும்ப வருமானத்துக்கு என்றுதான் சொல்லியிருந்தார்கள். மூத்தவர் சொன்னார்: "நீங்க எப்பப் பாத்தாலும் சேவை, சேவைன்னு பேசிட்டிருந்தீங்க. அந்தாளு வயித்துல அடிக்கோணும்னுதான் நான் ஸ்டியரிங்கப் புடிச்சேன்னு எப்படிக்கா சொல்றது?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எல்லோரும் சிரித்தோம். நல்ல சேவை நிறுவனம்.

வேலை இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பத்தான் நான் நினைத்தேன். சின்னவள்தான் தடுத்தாள். "வேலை குடுங்கக்கா. காலையில தோட்டத்து டிரிப்பு அவரே ஓட்டட்டும். முன்சீட்டுல நாங்க ஒவ்வொருத்தரா உக்காந்து வர்றோம். அவங்கவங்க எடம் வந்ததும் நிறுத்தச் சொல்லி எறங்கி நிப்போம். திருப்பி ஏறுற வரைக்கும் அவரு காத்திருக்கட்டும்." அவரை உள்ளே கூப்பிட்டு நிபந்தனையைச் சொன்னோம். "அவ்வளவுதானுங்களா?" என்றார். முகத்தில் நிம்மதி. ஒன்றும் இல்லாத விஷயம் என்று நினைத்திருப்பார்.

முதலில் மூத்தவர் போனார். சர்ச்சுக்குக் கீழே நிறுத்தச் சொல்லி இறங்கினார். முடியை அவிழ்த்து, உதறி, நிதானமாகக் கொண்டை போட்டார். ரோட்டைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார். வண்டியில் இருந்த யாருக்கும் அவசரம் இல்லை, விஷயம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பரீச்சைக்குப் போனவள் தன் இடத்தில் இறங்கி ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்து இட்லி சாப்பிட்டாளாம். சின்னவள் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அந்த அம்மா பிளந்த பலாப்பழத்தை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்து, கொட்டையை ஜன்னல் வழியே துப்பிக்கொண்டே டவுன் வரை போனார். இறங்கவே இல்லை. "எனக்கு எறங்கத் தோணல கண்ணு, சீட்டு நல்லா இருக்குது" என்று மகளிடம் சொன்னாராம்.

நாளாக ஆக அவர் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். யாராவது முன்சீட்டில் ஏறினால் அவர்கள் சொல்வதற்கு முன்பே பிரேக்கில் கால் போகும். சில இடங்களில் கை காட்டாத பெண்களுக்கும் நிறுத்தினார். "பாவமா இருக்குதுக்கா, போதுமா?" என்று ஒருத்தி கேட்டாள். போதாது என்றேன். "அப்ப உங்க டர்ன் எப்பக்கா?" என்று எல்லோரும் நச்சரித்தார்கள். பொறுங்கள் என்றேன். நான் ஒரு நாளுக்காகக் காத்திருந்தேன்.

அந்த நாள் வந்தது. பஸ் கீழேயே பிரேக்டவுனாகி நிற்கிறது என்று காலையில் போன் வந்ததும், அலமாரியில் இருந்து நல்ல சேலையாக எடுத்துக் கட்டினேன். கொட்டச்சேட்டில் முன்சீட்டில் போய் உட்கார்ந்தேன். மாசமான பெண் யாரும் அன்றைக்கு வண்டியில் இல்லை. பெரியம்மா வந்தார். அன்றைக்குக் கூடைக் கயிற்றை இழுத்துக் கட்டிய அதே பெரியம்மா. வயதாகிவிட்டது, என் ஜீப்பில் முன்சீட்டு அவருக்குத்தான் என்பது வழக்கமாகவே ஆகிவிட்டது. 'எம்புள்ள வண்டி' என்று டவுன் முழுக்கப் பெருமை பேசுவார். "இன்னிக்கு ஒரு நாளைக்குப் பின்னால உக்காருங்க பெரிம்மா" என்றேன். முனகாமல் பின்னால் ஏறினார். கூட்டம் அதிகம். அந்த ஆள் பின்னால் திரும்பினார்.

"இன்னிக்கு பஸ் இல்லீங்க. கொஞ்சம் நெருக்கி உக்காருங்க."

நான் சொல்லிக் கொடுத்திருந்தால்கூட அவ்வளவு சரியாகச் சொல்லியிருக்க மாட்டார்.

பம்ப் ரூமின் உடைந்த சுவர் தெரிந்ததும் அவராகவே வேகத்தைக் குறைத்தார். "நிறுத்துங்க" என்றேன். நிறுத்தினார். நான் இறங்குவேன் என்று ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எறங்குங்க."

"மேடம்?"

"நீங்க எறங்குங்க."

இறங்கினார். நான் நகர்ந்து ஸ்டியரிங் பக்கம் உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். அவர் கொஞ்ச நேரம் ரோட்டில் நின்றுவிட்டுப் பின்பக்கம் போனார். அங்கே கால் வைக்க இடமில்லை, எனக்குத் தெரியும், நான்தானே மூட்டைகளை ஏற்றச் சொன்னேன். திரும்ப என் ஜன்னலுக்கு வந்தார். தூறல் எல்லாம் இல்லை, நல்ல வெயில். அதை மட்டும் என்னால் ஏற்பாடு செய்ய முடியவில்லை.

"பின்னால எடமில்லீங்க மேடம்."

"பின்னாலயே பஸ் வருதுங்க. அதுல வந்துருங்க."

அப்போதுதான் என்னை முதல்முறையாகப் பார்த்தார். சேலையைப் பார்த்தார், பம்ப் ரூமைப் பார்த்தார், மறுபடியும் என் முகத்தைப் பார்த்தார். ஞாபகம் வந்ததா வரவில்லையா, தெரியாது. நான் கேட்கவும் இல்லை. சாவியைத் திருப்பினேன்.

பின் பெஞ்சில் இருந்து பெரியம்மா மெதுவாகச் சொன்னார். "கண்ணு, இன்னிக்கு பஸ் இல்லையே."

கண்ணாடியில் அவரைப் பார்த்தேன். பின்கதவை ஒட்டி, அன்றைக்கு உட்கார்ந்திருந்த அதே மூலையில் உட்கார்ந்திருந்தார்.

"இதை அன்னிக்குச் சொல்லியிருக்கலாமே பெரிம்மா" என்றேன்.

அவர் குனிந்து மடியில் இருந்த கூடையைப் பிடித்துக்கொண்டார். டவுன் வரும் வரை நான் வண்டியை நிறுத்தவில்லை.